இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் கேள்விகள்

எங்கள் பள்ளி நூலகத்துக்குத் தனி நூலகர் கிடையாது. பல அரசுப் பள்ளிகளில் இருப்பது போல ஒரு ஆசிரியர் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார், இங்கே அது நான். வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம், 45 பிள்ளைகள். நோட்டில் பெயரும் புத்தக எண்ணும் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதற்கு நடுவில் ஒரு பையனிடம் "உனக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு "எதுனாலும் ஓகே மிஸ்" என்பான். அவ்வளவுதான்.

கொரோனா சமயத்தில் பாடத்துக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவை, 2021 செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு நூலகத்துக்கென்று மாற்றினேன். புது புத்தகங்களின் அட்டையைப் படம் எடுத்துப் போடுவேன், 30 தம்ஸ்அப் வரும், புத்தகம் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். குழுவில் இருக்கும் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு பையன் அதிலிருந்து எண்ணை எடுத்து ஒரு மாணவிக்கு நள்ளிரவில் மெசேஜ் அனுப்பிவிட்டான். அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கே குழுவைக் கலைத்தேன்.

இப்போது இருப்பது பிராட்காஸ்ட் லிஸ்ட், நூலகத்துக்கென்று தனி எண்ணில். 256 பேர் வரைக்கும் அனுப்பலாம், யாருக்கும் மற்றவர் எண் தெரியாது, பதில் போட்டால் எனக்கு மட்டும் வரும். என் எண்ணைச் சேமித்து வைத்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும் என்பதால் ஜூன் மாதமே ஒவ்வொரு வகுப்பாகப் போய் அதைச் சொல்லிவிடுகிறேன். 13 வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை, மற்றவர்களுக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எதையும் அழிப்பதில்லை, தலைமையாசிரியர் எப்போது கேட்டாலும் காட்டலாம்.

குழுவில் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் கேட்கிறார்கள். பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், ஏனென்றால் போன் அம்மாவுடையது அல்லது அப்பாவுடையது, அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். "மிஸ் பேய் கதை இருக்கா, ரொம்ப பயமா இருக்கணும்." "குண்டா இருக்கிற பொண்ணு ஹீரோயினா வர்ற கதை இருக்கா?" போன வருடம் ஒருவன் எதையோ அனுப்பி அழித்தான், மறுபடி அனுப்பி அழித்தான். மூன்றாவதாக வந்தது: "அப்பா இல்லாத பசங்க பத்தி கதை இருக்கா மிஸ்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் அந்த போன் அம்மா கைக்குப் போகும் என்பதும் ஒரு காரணம். "இருக்குப்பா, நாளைக்கு எடுத்து வைக்கிறேன்" என்று மட்டும் போட்டேன். காலையில் இரண்டு புத்தகங்களை எடுத்து, தலைப்பு தெரியாதபடி செய்தித்தாளில் அட்டை போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். இன்டர்வெல்லில் வந்து வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். சரி, ஆனால் அந்த வாசகர் யார் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே? 45 பேர் நடுவில் எந்தப் பிள்ளையும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதற்காகத்தான் இந்த எண்ணை விடாமல் வைத்திருக்கிறேன்.

சிலர் பிடிஎஃப் கேட்பார்கள். திருட்டுப் பிரதி எதையும் அனுப்புவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் நிறைய இருக்கின்றன, அந்த இணைப்பைக் கொடுப்பேன். ஆனாலும் பிள்ளைகளை அலமாரி வரைக்கும் வரவழைக்கத்தான் எனக்கு ஆசை.

அந்தப் பையன் மூன்று வாரம் கழித்து ஒரு புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தான். அன்று இரவு மெசேஜ் வந்தது. "மிஸ் இன்னொண்ண அம்மா படிக்கிறாங்க, அப்புறம் தரட்டா?" மறுநாள் நோட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேராக இருந்த தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதினேன்.