தவளை இல்லாத அடை

சின்ன வயதில் பாட்டி "இன்னைக்குத் தவலை அடை" என்றதும் சாப்பிடாமல் ஓடியிருக்கிறேன், லகர ளகர வித்தியாசமெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தெரியும், என் காதில் விழுந்தது தவளைதான். தவலை என்பது பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்த பாத்திரம். அரிசியையும் பருப்புகளையும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய் சேர்த்து, தவலையில் எண்ணெய் விட்டுக் கனமாக ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் விட்டால் அடிப்பக்கம் சிவந்து மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் வரும். இப்போது எங்கள் வீட்டில் வாணலிதான், பேர் மட்டும் மாறவில்லை.

தேன்குழலிலும் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. அரிசி மாவு, உளுந்து மாவு, உப்பு, அவ்வளவுதான். தேன்மிட்டாய்? சர்க்கரைப் பாகு!

ஆனால் இதிலெல்லாம் உச்சம் கொல்லிமலை ஆட்டுக்கால் சூப். முடவாட்டுக்கால் என்கிற கிழங்கு அது, மேலே ரோமம் ரோமமாய் அச்சு அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். சுத்த சைவம். அமாவாசை விரதத்தோடு கூட வந்த மாமா, கடைக்காரர் கிழங்கையே எடுத்துக் காட்டியும் நம்பாமல் டம்ளரை மூன்று தடவை மோந்து பார்த்தார். அப்புறம் இரண்டு டம்ளர் குடித்தார்.