மில் ஸ்டோர் ரூமுக்குக் கதவு எண் போட்ட அனுபவம்

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு அவர் மண்டையிலேயே போய்விட்டது. கொஞ்ச நாளில் அதே கணக்கு என் மண்டையில் ஏறியது. நைட் ஷிஃப்டில் 6204 பேரிங் ஒன்று தேவைப்பட்டால் சூப்பர்வைசர் எனக்குப் போன் அடிப்பார். “ஜன்னல் பக்கம் ரெண்டாவது ரேக், நீலப் பெட்டிக்குப் பின்னாடி பாருங்க” என்று தூக்கக் கலக்கத்தில் சொல்வேன். நீலப் பெட்டியை அதற்குள் யாராவது நகர்த்தியிருப்பார்கள்.

வேலை இடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் ஃபைவ் எஸ் முறையின் போஸ்டர் சுவரில் ஒட்டியிருந்தது. ஸ்டோரில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாவற்றையும் இறக்கித் துடைப்போம். இந்த முறை திரும்ப ஏற்றும்போது லேபிளோடு ஏற்றிவிடலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். சரி என்றார். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: என்னைக் கேட்காமல், சீட்டை மட்டும் பார்த்து, யார் வேண்டுமானாலும் பொருளை எடுத்து வர முடிய வேண்டும்.

இறக்கியபோது பெயர் தெரியாத சாமான்கள் ஒரு மூலை நிறையச் சேர்ந்தன. ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னோம். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார். ஒரு கியரை வேட்டி நுனியால் துடைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, நகத்தால் தட்டித் தட்டி எண்ணினார். “இது பழைய சிம்ப்ளெக்ஸோடது தம்பி. அந்த மிஷினே போயிருச்சு, இதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க?” என்றார். இப்படி ஒதுக்கியதில் மட்டும் ஒரு ரேக் காலியானது. ஓடுகிற மெஷினுக்கு உரிய சேஞ்ச் வீல்களில் (தேவைக்கேற்ப மாற்றிப் போடுகிற கியர்கள்) பல் எண்ணிக்கையைப் பெயின்டில் எழுதி வைத்தோம்.

அடுத்து, எதை எப்படிப் பிரித்து வைப்பது என்பதில் சண்டை. மெஷின் வாரியாக வைக்க வேண்டும் என்றார் ஃபோர்மேன். ஒரே பேரிங் பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினிலும் ஓடுகிறது, நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமிலும் ஓடுகிறது. இரண்டு இடத்தில் வைத்தால் இங்கே தீர்ந்துவிட்டது என்று வாங்குவோம், அங்கே சும்மா கிடக்கும். கடைசியில் பேரிங், பெல்ட், ஆயில் சீல், போல்ட் நட்டு எல்லாம் வகைப்படி; ஒரு மெஷினுக்கு மட்டுமே உரியவை மெஷின் வாரியாக என்று முடிவானது. அடிக்கடி போகிறவை கவுன்டருக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. மோட்டார், கியர் பாக்ஸ் தரையோடு.

ஒவ்வொரு இடத்துக்கும் கொடுக்கிற குறியீடு, அதாவது கோடு (code), எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் யோசித்தோம். ரேக்குக்கு ஆங்கில எழுத்து வைக்கலாம் என்றால் இன்டர்காமில் ‘பி’யும் ‘டி’யும் ஒன்றாகக் கேட்கும். தமிழ் எழுத்து வைக்கலாம் என்றால் எங்கள் ஹெல்பர்களில் நிறைய பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். எண் எல்லோருக்கும் தெரியும். அதனால் முழுக்க எண்: 4-3-07 என்றால் நான்காவது ரேக், மூன்றாவது தட்டு, ஏழாவது பெட்டி. ரேக் வாசலில் இருந்து ஆரம்பிக்கும், பெட்டி இடமிருந்து வலம். தட்டைக் கீழிருந்து எண்ண வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நாளைக்கு மேலே ஒரு தட்டு ஏற்றினால் கீழே உள்ள எண் எதுவும் மாறாது.

இந்தக் கோடு வீட்டுக் கதவு எண் மாதிரி, இடத்துக்குத்தான் சொந்தம், குடியிருப்பவர் மாறலாம். ஆகவே கோடு லேபிள் ரேக்கின் விளிம்பில், பொருளின் பெயர் பெட்டியில். இரண்டையும் ஒரே ஸ்டிக்கரில் அடித்தால் பெட்டி நகரும்போது கோடும் கூடவே நடந்து போய்விடும்.

பட்டியலை எக்செலில் ஏற்றும்போது ஒரு கூத்து. 4-3-07 என்று அடித்ததும் அது 2007-ம் வருடத் தேதியாக மாறி உட்கார்ந்தது. அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். பெட்டி எண்ணை 7 என்று எழுதாமல் 07 என்று எழுதுவதும் எக்செலுக்காகத்தான். இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

பெட்டி லேபிளில் இரண்டு வரி. மேலே பில்லில் வருகிற பெயர், கீழே ஷெட்டில் கூப்பிடுகிற பெயர். ஆயில் சீலுக்கு 25-40-7 என்று அளவு: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். பேரிங்குக்கு எண்ணோடு வால் எழுத்தும் கட்டாயம். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு, 2 ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல், அதைச் சாதாரணப் பேரிங்கோடு கலக்கவே கூடாது.

கையைக் கடித்தது டிராவலர்தான். ரிங் ஃப்ரேமில் ஓடுகிற அந்தக் குட்டி வளையத்தைக் கண்ணால் பார்த்து நம்பர் சொல்ல முடியாது. லேபிள் கிழிந்த பாக்கெட்டுகள் ஏராளம். நம்பர் மாறிப் போட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஐஎஸ்ஓ நம்பர் என்பது 1000 டிராவலரின் எடை, கிராமில். அதனால் பாக்கெட்டுக்கு 100 எண்ணி, நூல் கவுன்ட் (நூலின் பருமன்) பார்க்கிற லேப் தராசில் வைத்தோம். 4 கிராம் காட்டினால் நம்பர் 40. லேப்பில் இருக்கிற அம்மா பொறுமையாக எடை போட்டுக் கொடுத்தார். எடை எந்த நம்பருக்கும் ஒத்து வராத பாக்கெட்டுகள் கலந்தவை என்று தெரிந்தது. அவை ஸ்கிராப்புக்குப் போயின.

வி-பெல்ட்டுகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய ஆணியில் தொங்கினால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். பருமனான பிவிசி பைப்பைச் சுவரில் பதித்து, மேலே எண் ஒட்டினோம். மெஷின் ரோலர்களுக்கு மாட்டுகிற காட்ஸ் உறையும் ஏப்ரான் பட்டையும் ரப்பர் என்பதால் வெயில் படாத ரேக்குக்குப் போயின. பெட்டியில் வந்த மாதத்தை எழுதி, பழையது முன்னால், புதியது பின்னால்.

லேபிள் எதில் அடிப்பது என்று கேட்பவர்களுக்கு: இங்க்ஜெட் வேண்டாம், ஈரக் கை பட்டால் கரைகிறது. கடை பில் அடிக்கிற மாதிரித் தெர்மல் பேப்பரும் வேண்டாம், வெளிறிவிடும். லேசரில் அடித்து ரேக் விளிம்பில் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினோம். பஞ்சுத் தூசி படிந்தால் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

முடித்ததும், புதிதாகச் சேர்ந்திருந்த ஒடியா பையனிடம் கோடு மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். பேரிங்கைப் பிரச்சினை இல்லாமல் கொண்டு வந்தான். அடுத்த சீட்டுக்குத் தட்டுகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு தடுமாறினான். அன்றே ஒவ்வொரு ரேக்கின் காலிலும் கீழிருந்து 1, 2, 3 என்று பெரிதாகப் பெயின்ட் அடித்தோம்.

இன்னும் ஒத்து வராதது, திரும்பி வருகிற சாமான். கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கொண்டு வருவதை ஃபிட்டர்கள் கைக்கு எட்டின பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அவர்களே ரேக்கில் வைக்கக் கூடாது என்று சொல்லி, கவுன்டரில் ஒரு சிவப்பு டிரே வைத்திருக்கிறேன். காலையில் நானே பார்த்து அதனதன் இடத்தில் வைக்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கேட்டால் கிடைக்காது என்ற பயத்தில் ஃபிட்டர்கள் தங்கள் டூல் பெட்டிகளில் பேரிங், சர்க்கிளிப், சீல் என்று பதுக்கி வைத்திருந்தார்கள். அதெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்பு டிரேயில் வந்து விழுகிறது. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, எடுத்து வைத்துக் கணக்கில் ஏற்றிவிடுகிறேன். எலக்ட்ரிகல் ஆட்கள் மட்டும் இன்னும் லாக்கரைத் திறக்கவில்லை.