ஓடுதானே அம்மா!

பள்ளி மலருக்கு ஒரு நினைவு எழுதச் சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வகுப்பறை இல்லை. பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் என் பெஞ்சுக்காரன் வீட்டுச் சமையலறை. (பெயர் போடவில்லை. இந்த மலர் அவனுக்கும் போகும்.)

1987 ஏப்ரல். பரீட்சை முடிந்த லீவு. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, "வாடா, முட்டைக்குச் சாயம் போடலாம்" என்றான். நாங்களோ முட்டை வாங்காத வீடு. கேரம் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவன் ஆயா ஒரு மாதமாக வெங்காயச் சருகைத் துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தார். போதாததற்கு ரஸல் மார்க்கெட் வெங்காயக்காரர் சும்மாவே ஒரு பை கொடுத்திருந்தார். சருகைக் கொதிக்கவிட்டு வடித்து, அந்தத் தண்ணீரிலேயே முட்டையை வேகவைத்தால் செம்மண் நிறம். பீட்ரூட்டில் ரோஸ். மஞ்சளுக்கு மஞ்சள் தூளேதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் வினிகர். அதில் முட்டையை இறக்கியதும் ஓடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. புளிப்பு ஓட்டை லேசாக அரித்தால்தான் சாயம் பிடிக்குமாம். அமிலம் கார்பனேட்டோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அந்தக் குண்டானில்தான்.

வெந்த முட்டையில் மெழுகுவத்தித் துண்டால் கோடு போட்டுச் சாயத்தில் வைத்தால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். அவன் சிலுவை போட்டான். நான் நாலு புள்ளிக் கோலம் போட்டு, அவசரத்தில் சூடான சாயத்தில் இறக்கிவிட்டேன். மெழுகு உருகிக் கோலத்தையே காணோம். "ஆறின சாயத்துல போடணும் கண்ணு" என்றார் ஆயா. அப்புறம், "நீதான் சாப்பிட மாட்டியே" என்று பச்சை முட்டை ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி, வாய் வைத்து ஊதினார். கரு மொத்தமும் கிண்ணத்தில் இறங்கியது. கழுவிக் காயவைத்த ஓட்டைக் கையில் வாங்கினால் கனமே இல்லை.

அதில் ட்ராயிங் வகுப்பு வாட்டர் கலரால் மயில் வரைந்தேன். வியர்வைக் கை பட்டு வால் கலைந்தது. அவன் அக்கா நிறமில்லாத நெயில் பாலிஷை மேலே பூசி மயிலைக் காப்பாற்றினாள்.

வீட்டில் மாட்டிக்கொண்டேன். "ஓடுதானே அம்மா, உள்ளே ஒன்றுமில்லை" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பால்கனியைத் தாண்டி அது உள்ளே வரக்கூடாது என்று தீர்ப்பு. துளசி மாடத்துக்கு எதிர்மூலையில் ஒரு டம்ளருக்குள் கிடந்தது. அதற்கும் அம்மா தினமும் முணுமுணுப்பார்.

நவராத்திரி வந்தது. கடைசிப் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், என் மயில் முட்டை. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு மாமி குனிந்து பார்த்து, "எதில் செய்தது இது?" என்றார்.

"பளிங்கு. தொட்டுடாதீங்கோ, உடைஞ்சுடும்" என்றார் அம்மா.