வெள்ளிக்கிழமை ராத்திரி 287ல ஸ்டீல் கிட்டார்

டெக்சஸ்ல வந்து எறங்கினது 98 கடைசில, ஒய்டூகே வேலைக்கு (2000 பொறந்தா பழைய ப்ரோக்ராம் எல்லாம் வருஷத்த தப்பா எடுத்துக்கும்னு சரி பண்ற வேலை). அப்ப வந்த எல்லாரையும் போல டல்லஸ் பக்கம் இர்விங்ல அபார்ட்மென்ட், ரெண்டு ரூம், நாலு பேரு, ஒரே ரைஸ் குக்கர். ஆனா எனக்கு மாட்டின கிளையன்ட் விச்சிட்டா ஃபால்ஸ்ல, ஓக்லஹோமா பார்டர் ஓரம். வாரம் பூரா அங்க மோட்டல், வெள்ளிக்கிழமை ராத்திரி வேலைய முடிச்சிட்டு 287 ஹைவேய புடிச்சு இர்விங். போவி, டிகேட்டர்னு சின்ன சின்ன ஊரு வரும், மிச்சமெல்லாம் இருட்டும் மாட்டுப் பண்ணையும் எதிர்ல வர்ற ட்ரக் லைட்டும்தான். கார்ல இருந்த டேப் ப்ளேயர் ஒரு ராஜா கேசட்ட முழுங்கிட்டு அதோட உயிர விட்டுச்சு, அதனால ரேடியோதான் கதி.

டயல திருப்பினா ஒரு பக்கம் பாஸ்டர் பிரசங்கம், ஒரு பக்கம் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஸ்கோர் (டெக்சஸ்ல வெள்ளிக்கிழமை ராத்திரின்னா அதுதான், ஊரே ஸ்டேடியத்துல இருக்கும்), ஒரு பக்கம் அக்கார்டியன் வச்ச டெஹானோ பாட்டு, டெக்சஸ் மெக்சிகோக்காரங்களோடது. அதுக்கு நடுவுல ஒரு குட்டி எஃப்எம் ஸ்டேஷன்ல பத்து மணிக்கு மேல இந்த ஷோ. ஸ்டீல் கிட்டார் தவிர வேற பேச்சே கிடையாது. ஷோ நடத்தறவர் பாட்டு போடுவாரு, ஆனா பாடறவன் பேர சொல்ல மாட்டாரு, ஸ்டீல் வாசிச்சவர் பேரத்தான் சொல்லுவாரு. எனக்கு அந்த மரியாதை ரொம்ப புடிச்சுது.

மொத தடவை கேட்டப்ப என்ன வாத்தியம்னே பிடிபடல. வயலின் மாதிரி இழுவை, ஆனா வில்லு உரசற சத்தம் இல்ல. ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்கு தாவாம வழுக்கிட்டே போகுது, போய் சேர்ற எடத்துல லேசா ஒரு அசைவு. நான் பூதலூர் பக்கத்து ஆளு, கோட்டுவாத்தியத்துக்கு (ஃப்ரெட்டு இல்லாத வீணை, கம்பி மேல கட்டைய வழுக்கி வாசிக்கறது) பேர் போன கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஊரு அது, எங்க வீட்ல திருச்சி ரேடியோ ஓடிட்டே இருக்கும், இந்த மாதிரி கமகம் காதுல விழுந்தா கை தானா வால்யூம கூட்டிரும். கன்ட்ரி மியூசிக்னா ட்ரக்கு, நாயி, ஓடிப்போன பொண்டாட்டின்னு நம்ம பசங்க கிண்டல் பண்ணுவாங்க, வரிகள பொறுத்த வரைக்கும் பாதி நெஜம்தான், நானும் அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா பாடறவன் மூச்சு விடற எடத்துல பின்னாடி ஸ்டீல்காரர் ரெண்டு கோடு இழுப்பாரு பாருங்க, பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு.

ஷோ நடத்தினவர் வயசானவர், குரல்லயே தெரியும், தானும் வாசிக்கறவராம். பாட்டுக்கு பாட்டு கதை சொல்லுவாரு. அவரோட இழுத்து இழுத்து பேசற இங்கிலீஷ் ஆரம்பத்துல பாதிதான் புரிஞ்சுது, போகப் போக காது பழகி, ஆபீஸ்ல ஆபரேஷன்ஸ் மேனேஜர் பேசறதும் புரிய ஆரம்பிச்சிடுச்சு. அதுவரைக்கும் அந்த ஆளு பேசி முடிச்சதும் சும்மா தலைய ஆட்டிட்டு வருவேன்.

கதை ஹவாய்ல ஆரம்பிக்குது. ஜோசஃப் கெகுகுன்னு ஓஆஹு தீவுப் பையன், 19ஆம் நூற்றாண்டு கடைசில, கிட்டார மடில படுக்க வச்சு இரும்புத் துண்ட கம்பி மேல தேய்ச்சு வாசிக்க ஆரம்பிச்சவன். 1915ல சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸ்போல ஹவாய்க்காரங்க வாசிச்சது அமெரிக்கா பூரா பித்து புடிக்க வச்சுது. ஹவாய் கலைஞர்ங்க நம்ம பக்கமும் வந்திருக்காங்க, டாவ் மோ குடும்பம் கல்கத்தாவுல வருஷக்கணக்கா இருந்து சொல்லிக் குடுத்துச்சு, பழைய ஹிந்திப் பாட்ட வேன் ஷிப்லி கிட்டார்ல வாசிச்ச ரெக்கார்டு நம்ம வீட்டுப் பெருசுங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெக்சஸ்ல இந்த ஸ்டீல் கிட்டார் பாப் வில்ஸ் பேண்டுக்குள்ள போயி வெஸ்டர்ன் ஸ்விங்ல (கன்ட்ரியும் ஜாஸும் கலந்த டான்ஸ் பாட்டு) சேந்துச்சு. 1936ல லியோன் மெக்காலிஃப் வாசிச்ச 'ஸ்டீல் கிட்டார் ராக்'க நம்ம பெரியவர் போடாத மாசமே இருக்காது.

அப்புறம் 1954. வெப் பியர்ஸ் பாடின 'ஸ்லோலி'ல பட் ஐசக்ஸ்னு ஒருத்தர் பெடல் வச்ச ஸ்டீல் வாசிச்சாரு. கம்பி அதிர்ந்துட்டு இருக்கும்போதே பெடல அழுத்தி சுருதிய ஏத்தினாரு, ஒரு கம்பி அப்படியே நிக்க பக்கத்துக் கம்பி மட்டும் மேல ஏறும். அதக் கேட்டுட்டு நாட்ல இருந்த ஸ்டீல்காரங்க எல்லாம் இது எப்படிடான்னு மண்டைய ஒடச்சிட்டு, கெடச்ச கம்பியையும் இரும்பையும் வச்சு தங்கள் கருவில பெடல் மாட்ட ஆரம்பிச்சாங்க. இந்தக் கதைய சொல்லும்போது மட்டும் பெரியவருக்கு குரல் ஏறும். பட்டி எம்மன்ஸ்னு இன்னொரு ஸ்டீல்காரர் பேரு வந்தா தனி பக்தி. ஐசக்ஸ் ஒரே பெடல்ல பண்ணினத ரெண்டு பெடலா பிரிச்சது அவருதான், இன்னைக்கு எல்லாரும் வாசிக்கற இ நைன்த்ங்கற ட்யூனிங்ல 'ஏ'ன்னு பேர் வச்ச பெடல் பி சுரத்துக் கம்பிங்கள முழு ஸ்வரம் ஏத்தும், 'பி'ன்னு பேர் வச்ச பெடல் ஜி ஷார்ப் சுரத்துக் கம்பிங்கள அரை ஸ்வரம் ஏத்தும், ரெண்டையும் சேத்து மிதிச்சா கைய நகத்தாமயே இ கார்டு ஏ கார்டா ஆயிடும். நான் மெயின்ஃப்ரேம்ல கோபோல் ப்ரோக்ராம்ல வருஷத்தோட ரெண்டு டிஜிட்ட நாலு டிஜிட்டா மாத்திட்டு இருந்த காலம், இந்த மாதிரி மெக்கானிசம் மனசுக்கு ஒரு தெளிவு குடுத்துச்சு, ஏன்னு கேக்காதீங்க.

டிகேட்டர் தாண்டினதும் எஃப்எம் கொரகொரன்னு போயிடும். உடனே ஏஎம். ராத்திரில வானத்துல கீழ் அடுக்கு ஒன்னு மறைஞ்சு போறதால ஏஎம் அலை மேல போயி அயனி மண்டலத்துல பட்டு திரும்பி எங்கயோ எறங்கும், அதனால நாஷ்வில்லோட கன்ட்ரி ஸ்டேஷன் 650 டபிள்யூஎஸ்எம் டெக்சஸ் வரைக்கும் அலை அலையா வரும். பக்கத்துல ஃபோர்ட் வொர்த்தோட 820ல பில் மேக், ட்ரக் டிரைவர்களுக்காக விடிய விடிய பேசுவாரு, 69ல இருந்து அதே நாற்காலி. வீட்ட விட்டு தூரத்துல இருக்கறவங்களுக்குன்னே நடத்துன ஷோ அது, டிரைவர் பொண்டாட்டிங்களும் கேப்பாங்களாம், பூதலூர்க்காரனும் கேட்டான்.

இர்விங் வந்து சேர்ந்து சமையக்கட்டு ரேடியோல கொஞ்சம் வச்சா ரூம்மேட் எந்திரிச்சு வருவான். "டேய் யாருடா நடுராத்திரில ஒப்பாரி வைக்கறது?" ஒப்பாரி இல்லடா கமகம்டான்னா, "உன் கமகத்த ஹெட்ஃபோன்ல போட்டுக்கோ, எனக்கு காலைல டிரைவிங் டெஸ்ட்டு"ன்னு போயிடுவான். அவன் இப்ப டல்லஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல பெரிய வீடு, கௌபாய் பூட்ஸ் எல்லாம் போட்டுட்டு ரோடியோவுக்கு ஃபேமிலியோட போறான், அது வேற கதை.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அந்த எஃப்எம் ஷோ இல்லாம போச்சு. 1996ல சட்டத்த மாத்தி ஒரு கம்பெனி நாடு பூரா சேத்து எத்தன ஸ்டேஷன் வேணா வச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க, அதுக்கு முன்னாடி 40தான் வரம்பு. அப்புறம் சின்ன ஊரு ஸ்டேஷன் எல்லாம் கை மாறி, எங்கயோ ரெக்கார்ட் பண்ணின குரல் கம்ப்யூட்டர்ல ஓட ஆரம்பிச்சுது. நம்ம பெரியவர் எடத்துல ஒரு நாள் டாப் ஃபார்ட்டி கன்ட்ரி, அதுல ஸ்டீல தேடித்தான் புடிக்கணும். பெரியவர ஏன் நிறுத்தினாங்க, எப்ப நிறுத்தினாங்க, ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அதுதான் கோவம்.

கருவிய நேர்ல பாத்தது அதுக்கும் அப்புறம். கூட வேலை பாத்த ஒருத்தரு, அவரோட மாமா ஸ்டீல் வாசிப்பாராம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு ஹால்ல பத்து பதினஞ்சு பெருசுங்க கூடி வாசிப்பாங்க, வர்றியான்னு கூட்டிட்டு போனாரு. பெட்டில இருந்து எடுத்து கால் மாட்டினதும் பாத்தா கிட்டார் மாதிரியே இல்ல, நீளமா ஒரு மேஜை. ரெண்டு கழுத்து, ஒவ்வொன்னுலயும் பத்து கம்பி. இடது கைல உருண்டை இரும்புத் துண்டு, வலது கை விரல்ல பிக், இடது கால் பெடல்ல, வலது கால் வால்யூம் பெடல்ல, ரெண்டு முட்டியும் பக்கவாட்டுல லீவர தள்ளிட்டே இருக்கு. முகத்துல மட்டும் ஒரு அசைவும் இல்ல, பேங்க் க்யூவுல நிக்கற மாதிரி உக்காந்திருக்காங்க.

அடுத்த மாசம் நான் ஒரு சித்ரவீணை (கோட்டுவாத்தியத்துக்கு இன்னொரு பேரு) கேசட்ட எடுத்துட்டு போனேன். மாமா ரெண்டு தரம் ரிவைண்ட் பண்ணிக் கேட்டாரு. "இதுல பெடல் எத்தன சன்?" பெடலே கிடையாது சார்னேன். "ஃப்ரெட்டு?" அதுவும் கிடையாது, எல்லாம் அந்த ஒரு கட்டையிலதான். மொத்தம் 21 கம்பி, அதுல மேல வாசிக்கறது ஆறு, மிச்சம் சுருதிக்கும் கூட சேந்து அதிர்றதுக்கும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் பக்கத்துல இருந்த ஆள கூப்ட்டு "இங்க வா, இந்த ஆளு கட்டைய எப்படி நகத்தறான்னு கேளு"ன்னு மறுபடி மொதல்ல இருந்து போட்டாரு. ஒரு வாரம் வச்சுக்கட்டுமான்னு கேட்டாரு, தாராளமான்னேன். அந்த கேசட் இன்னும் திரும்பி வரல.