ஞானப்பூவைப் பார்க்கப் போன சனிக்கிழமை

மூன்றரை மணிக்கே எழுந்துவிட்டேன். புட்டும் பயறும் செய்து, மதியத்துக்குச் சோறு வடித்து, முந்தின நாள் வாங்கி வைத்த சாளையில் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, மாமிக்கு ஃப்ளாஸ்க்கில் கட்டன் சாயா ஊற்றி, காலை மாத்திரை, மதிய மாத்திரை இரண்டையும் தனித்தனித் தாளில் மடித்து மேசையில் வைத்த பிறகுதான் குளிக்கவே போனேன். ஒரு நாள் வெளியே போக வேண்டுமென்றால் அந்த நாளின் வேலை முழுவதையும் விடிவதற்குள் முடிக்க வேண்டும். இதை வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போனது ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கு, கிறிஸ்தவராக மாறியதற்காகப் புனித தேவசகாயத்தைத் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற இடம். நேர்ச்சை. எங்க வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். போன வருடம் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஐந்து மாதம் சம்பளம் போடவில்லை. இன்று தருகிறோம், அடுத்த வாரம் தருகிறோம் என்றே நாள் போனது. மூத்தவனுக்கு ஸ்கூல் ஃபீஸ், மாமிக்கு மருந்து, மாதச் சீட்டு, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. கழுத்துச் சங்கிலி பேங்க்குக்குப் போனது. அவர் போனில் பேசும்போது குரலை வைத்தே சாப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும், "சாப்பிட்டேன்" என்று அவர் சொல்வதை நம்பியதுபோல நானும் பேசுவேன். அந்த நாட்களில் ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்று, "தேவசகாயமே, இவருக்குச் சம்பளம் வந்தால் உம்முடைய மலைக்கு வருகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். ஏப்ரலில் பணம் வந்தது. அப்புறமும் ஸ்கூல் திறப்பு, மாமிக்கு முட்டுவலி, ஏதாவது ஒன்று வந்து ஆடி மாதம் வரை இழுத்துவிட்டது.

வேளாங்கண்ணி மாதாவிடம் கேட்காமல் ஏன் இவரிடம் கேட்டாய் என்று எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் கூடும் கோவில் செபக்குழுவில், ஒரு அக்கா கேட்டாள். மாதாவிடம் தினமும் கேட்கிறேன். ஆனால் தேவசகாயம் சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை. வேலைக்குப் போன மனுஷன், பெண்டாட்டி உள்ளவர், மாடு செத்தது, விளைச்சல் போனது என்று மனம் உடைந்து உட்கார்ந்தவர். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று டிவியில் சொல்லக் கேட்டு மாமி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சின்னவளையும் கூட்டிக்கொண்டேன், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாசலில் மாமி இருபது ரூபாயைக் கையில் திணித்து, "எனக்கும் ஒரு மெழுகுதிரி பத்த வை மக்களே, முட்டு வலிக்குன்னு சொல்லு" என்றார். ஆறரைக்கு இலவசப் பஸ் கிடைத்தது.

நாங்கள் தக்கலைப் பக்கம் என்பதால் முதலில் வருவது புலியூர்குறிச்சி, முட்டிடிச்சான்பாறை. சிப்பாய்கள் அவரை அடித்து இழுத்துக்கொண்டு போகும்போது தாகத்தில் இந்தப் பாறையில் முழங்கையால் இடித்தார், தண்ணீர் வந்தது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாறையில் சின்னக் குழிதான். பெரிதாக ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்த சின்னவள் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அம்மா?" என்றாள். "ஒரு ஆளுக்குத் தாகம் தீர இது போதும் மக்களே" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. கொண்டுவந்த பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டோம்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. அன்று உள்ளே போகவில்லை, முன்பு ஒரு முறை பிள்ளைகளோடு போயிருக்கிறேன். அங்கேதான் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர். பத்மநாபபுரத்தில் நீலகண்டன் என்ற பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயத்துக்கு, அவர் துக்கத்தில் இருந்த நேரம் பார்த்து யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்.

சம்பளம் வராத அந்த ஐந்து மாதமும் யோபு ஆகமத்தைத்தான் நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாப் பிரசங்கத்திலும் யோபுவின் மனைவியைக் குறை சொல்வார்கள், கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போ என்று புருஷனிடம் சொன்னாளே என்று. எனக்கு அவள்மேல் கோபமே வந்ததில்லை. ஏழு மகனும் மூன்று மகளும் ஒரே நாளில் செத்துப்போனது யோபுவுக்கு மட்டுமா? பத்தும் அவள் வயிற்றில் பிறந்தவை. புருஷனுக்குப் புண் வந்தால் துணி துவைத்தது யார்? அவளுக்குப் பெயர்கூட எழுதி வைக்கவில்லை. இதை யோசித்துக்கொண்டே நாகர்கோவில் வடசேரி வரை வந்தேன், சின்னவள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

கோட்டாறு சவேரியார் கோவிலுக்கு நான் பல தடவை வந்திருக்கிறேன். டிசம்பர் திருவிழாவுக்குக் கூட்டத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால், கடையும் தேரும்தான் கண்ணில் படும். சாதாரண நாளில் கோவில் அமைதி. பீடத்துக்கு முன்னால்தான் தேவசகாயத்தின் கல்லறை. மலையடிவாரத்தில் சுட்டுப் போட்ட உடலின் மிச்சத்தைச் சில நாள் கழித்து எடுத்து வந்து இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். முழங்காலில் இருந்து, சம்பளம் வந்ததற்கு நன்றி சொன்னேன். இன்னும் இரண்டு மாதப் பாக்கி இருப்பதையும் சொன்னேன், அவரிடம் மறைப்பானேன். மாமியின் முட்டு, மூத்தவனின் கணக்கு மார்க், எல்லாம் சொல்லி முடித்தேன். எழுந்திருக்கும்போதுதான் மனதில் பட்டது. உதயகிரியில் டிலனாய்க்குப் பக்கத்திலேயே அவர் மனைவியும் மகனும் அடக்கம். இங்கே இவர் மட்டும்தான். இவருடைய மனைவி வடக்கன்குளத்தில்.

மேக்கோட்டில் பிறந்த பார்கவி அவள். புருஷன் பின்னால் அவளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாள். தெரேசா என்ற பெயருக்கு அன்று தமிழில் வைத்தது. என்ன அழகான பெயர். சின்னப் பிள்ளையிலிருந்து தேவசகாயத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தும் இந்தப் பெயரை ஒரு தடவையாவது நிறுத்தி நான் நினைத்ததில்லை. 1749-ல் அவரைப் பிடித்தார்கள், 1752 ஜனவரி 14-ல் சுட்டார்கள். மூன்று வருடம். எருமைமேல் திருப்பி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனதும், சாட்டையடியும், காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்ததும் நமக்குத் தெரியும். அந்த மூன்று வருடம் அவள் காலையில் எழுந்து என்ன செய்தாள்? அடுப்பு மூட்டியிருப்பாள். இன்று எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறாரா என்று யாரிடமாவது கேட்டிருப்பாள். எனக்காவது வாட்ஸ்அப் இருக்கிறது.

நேர்ச்சை காற்றாடிமலைக்கு மட்டும்தான். ஆனால் கோட்டாறு கோவிலிலேயே முடிவு பண்ணிவிட்டேன், மலை முடிந்ததும் வடக்கன்குளம் போவதென்று.

ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் காற்று. இந்தக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, சின்னவளின் கையை விடாமல் ஆட்டோ பிடித்து மலைக்குப் போனோம். வியாகுல அன்னை கோவிலில் சிறிது நேரம் இருந்தோம். மகனை இழந்த தாய் அங்கே இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்புறம் பாறைக்கு ஏறினோம்.

சுடுவதற்கு முன் அவர் முழங்காலில் நின்று செபித்த இடம் என்று பாறையில் தடத்தைக் காட்டுகிறார்கள். சின்னவள் தன் முழங்காலை அதில் வைத்துப் பார்த்தாள், பெரியதாக இருந்தது. சின்னக் கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையும் இருக்கிறது. பயந்து பயந்து ஒரு தடவை தட்டினாள். அந்த ஒலி கல்லிலிருந்து வருவதாகவே இல்லை, எங்கோ தூரத்துக் கோவிலில் பூசைக்கு அடிப்பதுபோல இருந்தது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மெழுகுதிரிதான் பற்றவே இல்லை. தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. என் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று பார்த்தேன், சின்னவள் இரண்டு கையையும் குவித்துப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து, தன் சேலைத் தலைப்பை விரித்து எங்கள் மூன்று பேரையும் சுற்றி மறைத்துப் பிடித்தார். அந்தத் துணிக்குள் மெழுகு வாசனையும் அவருடைய விக்ஸ் வாசனையும். முதல் திரி பற்றியது, அதிலிருந்து மாமியின் திரியை ஏற்றினேன். "யாருக்கு மக்களே?" என்று கேட்டார். "ஒன்னு வீட்டுக்காரருக்கு, ஒன்னு மாமிக்கு." "ஒனக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தன் பையிலிருந்து ஒரு திரி எடுத்து ஏற்றிவைத்தார். இரண்டு நிமிடம் எரிந்திருக்கும், தலைப்பை எடுத்ததும் மூன்றும் அணைந்தது. "அது போதும், அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய் விட்ட மணியிலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.

காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. புட்டுப் பொதியைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டாயிற்று. திருக்குடும்ப ஆலயம் பெரியது. சாதிக்கு ஒரு பக்கம் என்று ஒரே கோவிலை இரண்டு கையாகக் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள், 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இதைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்ததற்காகவே ஏச்சு வாங்கிய தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் இது. அவர் பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பெயரையும் வத்திக்கான் 2020-ல் எடுத்துவிட்டது. நல்ல காரியம்.

ஞானப்பூவின் கல்லறைக்கு ஊர்க்காரர்கள் வழி சொன்னார்கள். புருஷன் போன பிறகு 14 வருடம் இங்கே இருந்து 1766-ல் இறந்திருக்கிறாள். சொந்த ஊருக்குப் போக முடியாது, ஆட்கள் ஏற்கமாட்டார்கள். புருஷனின் கல்லறை கோட்டாற்றில். இன்றைக்கு எனக்கு அந்த வழி பஸ்ஸில் ஒரு காலைப்பொழுது, அவளுக்குத் திருவிதாங்கூர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

அங்கே நின்றபோது எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் கோட்டாற்றிலும் மலையிலும் கேட்டாயிற்று. சும்மா பேசினேன். இவருக்கு அடுத்த லீவு டிசம்பரில்தான், ஏழு வருடத்தில் மொத்தம் மூன்று தடவைதான் வந்திருக்கிறார், சின்னவள் அப்பாவைப் போனில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு சில நாள் அடுக்களைத் திண்ணையில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன், அது கவலைகூட இல்லை, என்னவென்று தெரியாது என்றெல்லாம். இதை அன்பியத்தில் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை, பாவமில்லையே. கீழே கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினேன். வீட்டில் செய்கிற வேலைதானே, கை தானாகப் போனது. சின்னவளும் உட்கார்ந்து ஒதுக்கினாள். "இவங்க யாரும்மா?" என்றாள். "தேவசகாயத்தோட வீட்டுக்காரி" என்றேன். கொஞ்சம் யோசித்து, "பேரு ஞானப்பூ" என்று திருத்திச் சொன்னேன்.

வீடு வந்து சேர ராத்திரி ஏழரை. குழம்பு மிச்சம் இருந்தது, சோறு மட்டும் வடித்தேன். மாமி பாறைத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, சிலுவை வரைந்துவிட்டு முட்டில் தேய்த்துவிடச் சொன்னார். தேய்த்துவிட்டேன். வீட்டுக்காரர் போன் பண்ணியபோது மலைக் கதையைச் சின்னவளே சொல்லி முடித்துவிட்டாள். கடைசியில் அவர் என்னிடம், "கால் வலிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டரைக்கு எல்லாரும் செபமாலைக்கு உட்கார்ந்தோம். சனிக்கிழமை என்பதால் சந்தோஷத் தேவ இரகசியங்கள். முதலாவதை மூத்தவன் சொன்னான். இரண்டாவது சின்னவளுடையது. தூக்கக் கண்ணோடு மணியைப் பிடித்துக்கொண்டு, "கன்னி மரியாள் எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது" என்று ஆரம்பித்தாள்.