நோர்வேயின் எல்வெருமில் ஒரு விறகுக் காலம்: நாட்குறிப்பு

2023 ஏப்ரல் 15, சனி

இன்று பேர்ச் மரத்தடிகள் வந்து இறங்கின. கிளொம்மா ஆற்றுக்கு அப்பால் சொந்தக் காடு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பெப்ரவரிப் பனியில் வெட்டி வைத்திருந்தவற்றை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிவந்து வாசலோரம் சரித்துவிட்டுப் போனார். வசந்தத்தில் மரம் வேரிலிருந்து நீரை மேலே இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு. அப்படி வெட்டியும் பச்சைத் தடியின் எடையில் பாதிக்கு நெருக்கமாக நீர்தான் இருக்கிறது. அதை ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்குவதற்கு இலையுதிர் காலம் வரையில் நேரம் உண்டு. ஆனால் பிளக்கும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. பேர்ச்சின் வெள்ளைப் பட்டை நீரைக் கசியவிடாத பட்டை என்பதால், முழுத்தடியாகக் கிடந்தால் உள்ளேயே புழுங்கி உளுத்துப்போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியம்மாவிடம் விறகு வாங்கியதைச் சொன்னேன். "நோர்வேயிலயும் விறகோ தம்பி? கரண்ட் இல்லாத நாடு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்று சிரித்தார். கரண்ட் தாராளமாகவே இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். பெரும்பாலான வீடுகள் அதைக்கொண்டே சூடேற்றப்படுகின்றன. இருந்தும் மின்கட்டணம் என்பது குளிர் கழிந்த பின்னர் வந்து சேரும் செய்தி. விறகோ குளிருக்கு எட்டு மாதம் முன்னதாகவே முற்றத்தில் கண்ணெதிரே கிடக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போதும் என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடலாம். 2021ஆம் ஆண்டின் கடைசியில் தெற்கு நோர்வேயில் மின்விலை ஏறி, அரசே கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கவேண்டி வந்த குளிர்காலத்தில்தான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

2023 மே 20, சனி

பிளந்து முடிந்தது. மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. பின்னதன் தலை தடித்து ஆப்புப்போல் இருக்கும், கூர் அவ்வளவு முக்கியமில்லை. முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்த முண்டத்தைப் பழைய கார் டயருக்குள் நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் நாலாபுறமும் சிதறாமல் டயருக்குள்ளேயே நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்கும் முதுகுவலி மிச்சம். பெரிய முண்டத்தை நடுவில் அடிப்பதில் பயனில்லை. விளிம்பிலிருந்து செதில் செதிலாகப் பிரித்துக்கொண்டு வந்தால் உள்மரம் தானே இளகும். நல்ல துண்டு பிளக்கும்போது எழும் 'டக்' என்ற சத்தத்தோடு, ஈரமும் லேசான இனிப்பும் கலந்த ஒரு மணம் வரும். கணு விழுந்த துண்டுகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஓர் இரவு முழுவதும் நின்று எரிவதற்கு அவைதான் சரி.

இங்கே விறகை அளக்கும் பழைய அளவு 'ஃபாவ்ன்'. இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் ஆழம் கொண்ட அடுக்கு ஒரு ஃபாவ்ன், அதாவது 2.4 கனமீட்டர். காய்ந்த பேர்ச் என்றால் அதற்குள் ஏறத்தாழ 4,000 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. புதிய வகை அடுப்பு அதில் முக்கால் பங்கை வீட்டுக்குள் கொடுக்கும். தெற்குச் சுவரோரம், நிலத்தில் படாமல் கட்டைகள் மேல், காற்று ஊடாகப் புகுந்து போகும்படி அடுக்கியிருக்கிறேன். மேலே மட்டும் தகரம், பக்கங்களை மூடவில்லை. பிளாஸ்டிக் விரிப்பால் முழுவதும் போர்த்தி வைப்பவர்களைப் பார்த்தால் ஏன் பிளந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பட்டை மேல்நோக்கி இருக்கவேண்டுமா, கீழ்நோக்கியா என்ற வழக்கு இந்த நாட்டில் இன்னும் தீரவில்லை. 2013 பெப்ரவரியில் நோர்வேயின் அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே பன்னிரண்டு மணிநேரம் தொடர்ந்து ஒளிபரப்பியபோது பார்வையாளர்கள் இதற்காகவே குறுஞ்செய்தி அனுப்பிச் சண்டையிட்டார்கள். நான் மேல்வரிசையில் மட்டும் பட்டையை மேலே வைக்கிறேன், மழை வழிந்தோட. மற்ற வரிசைகளில் எப்படிக் கிடந்தாலும் காயும்.

2023 ஆகஸ்ட் 10, வியாழன்

'ஹான்ஸ்' புயல்மழை ஓய்ந்திருக்கிறது. கிளொம்மா கரைபுரண்டு ஓடுகிறது. நமக்குத் தெற்கே பிராஸ்கெரெய்ட்ஃபொஸ் நீர்மின் நிலையத்து அணையின் ஒரு பகுதி நேற்று உடைந்துபோனது. விறகடுக்கு நனைந்திருக்கிறது, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. பச்சை மரத்தின் ஈரம் அதன் நார்களுக்குள்ளேயே இருப்பது, வெளியேற மாதக்கணக்கில் ஆகும். மழை நனைத்தது மேல்தோலை மட்டுமே, இரண்டு நாள் வெயிலும் காற்றும் போதும்.

2023 செப்டெம்பர் 30, சனி

அடுக்கைக் கொட்டகைக்குள் மாற்றினேன். ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் துண்டின் வெளிப்புறத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். புதிதாக ஒரு முறை பிளந்து உள்முகத்தில் குத்தவேண்டும். பதினெட்டு, பத்தொன்பது சதவீதம் காட்டியது. பக்கத்து வீட்டு முதியவருக்கு இந்தக் கருவியில் நம்பிக்கையில்லை. இளமையில் கிளொம்மாவில் மரம் மிதக்கவிடும் வேலை செய்தவர்; 1985இல் அந்தத் தொழில் நின்றுபோகும்வரை ஆற்றில் இருந்தவர். அவர் துண்டின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தடவி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார். சவர்க்காரத்தில் சிறு குமிழிகள் எழுந்தன. மரத்தின் நீர்க்குழாய்கள் வெறுமையாகிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி என்றார். பிறகு இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிக் காண்பித்தார். பச்சை விறகு தரும் மந்தமான ஒலி இல்லை, கணீரென்று கேட்டது.

ஈர விறகு எரியத்தான் செய்யும். ஆனால் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைச் செலவழிக்கும். அடுப்பு குளிர்ந்திருப்பதால் புகை முழுதாக எரியாமல், புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். அந்தத் தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கியே தீப்பிடிக்கும். இங்கே புகைபோக்கியைத் துடைப்பதும் பரிசோதிப்பதும் நகராட்சியின் பொறுப்பு. இம்முறை வந்தவர், துடைத்தெடுத்த கரி உலர்ந்த பொடியாக இருப்பதைக் கையில் எடுத்துக் காட்டி, விறகு நல்ல விறகு என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

2023 நவம்பர் 12, ஞாயிறு

அடுப்பு இப்போது தினமும் எரிகிறது. எங்களுடையது யோத்துல் என்ற நோர்வே நிறுவனத்தின் வார்ப்பிரும்பு அடுப்பு. 1998க்குப் பிறகு நோர்வேயில் விற்கப்பட்ட அடுப்புகள் அனைத்தும் புகையை இரண்டாம் முறை எரிக்கக்கூடியவையாக இருக்கவேண்டும் என்பது விதி, இதுவும் அவ்வகைதான். இதன் வேலை எனக்கு அலுப்பதேயில்லை. விறகு சூடாகும்போது அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாகவே வெளியேறுகிறது. நாம் தீ என்று பார்ப்பது எரியும் அந்த வாயுவைத்தான். பழைய அடுப்பில் அதில் ஒரு பங்கு எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடும். புதிய அடுப்பில் பின்சுவர் வழியே மேலேறிச் சூடான காற்று, மேலே உள்ள சிறு துளைகளினூடாகத் திரும்ப உள்ளே பாய்கிறது. கண்ணாடி வழியே கூர்ந்து பார்த்தால், விறகிலிருந்து விலகி அந்தரத்தில், ஒவ்வொரு துளையின் வாயிலும் தனித்தனிச் சுடர் நின்று ஆடுவது தெரியும்.

பற்றவைப்பது மேலிருந்துதான். பருத்த துண்டுகள் இரண்டு அடியில், அவற்றின் மேல் குறுக்காகச் சற்று மெலிந்தவை, உச்சியில் சுள்ளிகளும் ஒரு துண்டு பேர்ச் பட்டையும். ஈரமாக இருந்தாலும் எண்ணெய் ஊறிய துணிபோல் பற்றிக்கொள்ளும் பட்டை அது. தீ மேலிருந்து கீழே இறங்கிவரும்போது, அடியில் சூடாகும் விறகின் வாயு மேலே உள்ள சுடரைக் கடந்துதான் போகவேண்டும், ஆகவே எரிந்துவிடுகிறது. ஊரில் அடுப்பின் அடியில் சருகும் பன்னாடையும் திணித்து, குனிந்து ஊதுகுழலால் ஊதி, கண் கலங்கி வளர்ந்த எனக்கு இது முதலில் தலைகீழ்ப் பாடமாகத்தான் தோன்றியது. அங்கே தீ பானைக்கானது. அறை சூடாவது தொல்லை. இங்கே அறைதான் பானை. காற்றுத் திறப்பை முதல் கால்மணி நேரம் முழுதாகத் திறந்துவைத்து, சுடர் மஞ்சளாக நிமிர்ந்து நின்ற பிறகே கொஞ்சம் குறைக்கவேண்டும். விறகை மிச்சம்பிடிப்பதாக நினைத்துக் காற்றை அடைத்துப் புகையவிடுவது, இருக்கிற விறகைப் புகையாக வெளியே அனுப்பும் வேலை.

மின்சூடாக்கி அறையின் காற்றைச் சூடாக்குகிறது. இரும்பு அடுப்போ எதிரே இருப்பவரின் தோலையும் சுவரையும் நாற்காலியையும் நேரடியாகச் சூடாக்குகிறது; அதனால் காற்றின் வெப்பநிலை ஒரு பாகை குறைவாக இருந்தும் குளிர் தெரிவதில்லை. மகள் பாடசாலையிலிருந்து வந்ததும் ஈரக் கையுறைகளையும் சப்பாத்துகளையும் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைக்கிறாள். வீட்டில் எல்லோரும் வந்து உட்காருமிடமும் அதுவாகிவிட்டது. ஒவ்வோர் அறையிலும் ஒரு சூடாக்கி இருந்த காலத்தில் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவோம்.

2024 ஜனவரி 5, வெள்ளி

வடக்கே கௌத்தொகெய்னோவில் இன்று மைனஸ் 43.5 பாகை. எங்கள் வாசல் வெப்பமானியின் சிவப்புக்கோடு மைனஸ் இருபத்தைந்தையும் தாண்டிக் கீழே இறங்கிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட குளிரில் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வெப்பப்பம்பியின் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது குறைவாகத் தருகிறது. மின்விலையும் இன்று வடக்கு ஐரோப்பா எங்கும் ஏறி நிற்கிறது. இரண்டு கிலோ விறகை ஒரு மணிநேரத்தில் எரித்தால் எங்கள் அடுப்பு ஆறு கிலோவாட் அளவுக்கு வெப்பம் தரும். சாதாரண ஆயிரம் வாட் சூடாக்கிகள் ஆறு ஒன்றாக எரிவதற்குச் சமம். காலையில் மூன்று துண்டுகள் போட்டேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் மனைவி போர்வையைக் களைந்தாள்.

ஒடியற்கூழை அடுப்பின் தலையில் வைத்தோம். மெதுவாக, அடிப்பிடிக்காமல், பிற்பகல் முழுவதும் கொதித்தது. தேநீர்க் கேத்தலுக்கும் அங்கேதான் நிரந்தர இடம்.

2018இல் பேரிடர் பாதுகாப்புத் துறை எல்லா வீடுகளுக்கும் அனுப்பிய கைந்நூல், மின்சாரம் இல்லாமல் மூன்று நாட்கள் தாக்குப்பிடிக்க ஆயத்தமாக இருக்கும்படி சொல்லியிருந்தது. அதில் வெப்பத்துக்கான வழிகளில் விறகும் இருந்தது. தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்த அறிவுரை கொஞ்சம் சிரிப்பைத் தரும். ஆனால் அங்கே இருட்டுத்தான் சிரமம். இங்கே மின்சாரம் நின்றால் சில மணிநேரத்தில் வீடே குளிர்ந்துவிடும், பிறகு தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருக்கிறது. குளிர்காலமும் ஏறக்குறைய பாதிதான் கடந்திருக்கிறது, ஆகவே கணக்குச் சரி.

2024 ஜனவரி 21, ஞாயிறு

ஒஸ்லோவில் இருக்கும் நண்பர் ஒருவர், நீ விறகைப் புகழ்ந்து எழுதுகிறாய், எங்கள் பிள்ளைகள் அந்தப் புகையைத்தானே சுவாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. நோர்வேயில் காற்றிலுள்ள நுண்துகள்களுக்கு விறகுப் புகை முக்கியமான காரணங்களில் ஒன்று. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி மேலே எழும்பாத நாட்களில், நெருக்கமான நகரத்தில் அது சிறுபிள்ளைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கேடுதான். பேர்கன் நகரம் 2021 ஜனவரி முதல் பழைய வகை அடுப்புகளில் எரிப்பதைத் தடைசெய்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவரை நான் விறகுக்கு அழைக்கமாட்டேன். வீடுகள் விலகி நிற்கும், காடு பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரில், காய்ந்த விறகும் புதிய அடுப்பும் கொண்டு எரிப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காடு அழியுமே என்பது அவருடைய அடுத்த கேள்வி. நோர்வே 1919இலேயே நாடு முழுவதற்கும் காட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கிய நாடு. அந்தக் கணக்குப்படி நிற்கும் மரத்தின் கொள்ளளவு ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. நாங்கள் எரிக்கும் பேர்ச்சும், மரவாடிக்குப் போகவேண்டிய ஸ்புரூஸ் மரங்களுக்கு இடம்விடக் களைந்தெடுக்கப்பட்டதுதான்.

2024 மார்ச் 17, ஞாயிறு

பகலில் அடுப்பு தேவைப்படவில்லை. இந்தக் குளிர்காலத்துச் சாம்பல் அனைத்தும் மூடியுள்ள இரண்டு தகர வாளிகளுக்குள் அடங்கிவிட்டது; நூறு கிலோ விறகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சுகிறது. சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் வாளி எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, வெளியே கல்லின் மேல்தான். சுண்ணாம்பும் பொட்டாசியமும் உள்ள அந்தச் சாம்பலைப் புல்தரையில் பாசி பிடித்த இடங்களில் தூவினேன். உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போடக்கூடாது, கிழங்கில் சொறி விழும். புளுபெரிச் செடிக்கும் ஆகாது, அதற்கு அமிலத்தன்மை கொண்ட மண் வேண்டும். கொஞ்சத்தைச் சலித்து, கோடையில் பூச்சி விழும் கத்தரிக்கன்றுகளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். அது பெரியம்மாவின் வைத்தியம்.

கொட்டகையில் ஏறத்தாழ அரை ஃபாவ்ன் மிஞ்சியிருக்கிறது. அதை வாசல் பக்கம் நகர்த்திவைத்தேன், ஒக்டோபரில் முதலில் எரிக்க. விவசாயியிடம் தொலைபேசியில் பேசியாயிற்று. இம்முறை பேர்ச்சோடு ஆஸ்பென் தடிகளும் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். எடை குறைந்த மரம், வெப்பமும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வீட்டைக் கொதிக்கவைக்காமல் மாலையில் ஒரு மணிநேரம் எரிக்க அதுவே போதும், விலையும் மலிவு.