மாமா பாத்த வெளிச்சம்

எங்க அம்மாக்க தம்பி முட்டத்துல வள்ளத்துல கடலுக்குப் போற ஆளு. ஒக்கி புயலுக்கு முந்தின வருசம் ஒரு ராத்திரி வலைய விட்டுட்டு இருக்கும்போ தூரத்துல கடலுக்கு மேல வெள்ளையா ஒரு வெளிச்சம் வந்து நின்னுச்சாம், கப்பல் விளக்கும் இல்ல வெள்ளியும் இல்ல, கொஞ்ச நேரம் நின்னுட்டு சட்டுன்னு போயிருச்சு. கரையில வந்து சொன்னா எல்லாரும் சிரிச்சு, எத்தன குவாட்டர்னு கேட்டிருக்காங்க. அதோட அவரு அந்தப் பேச்சயே விட்டுட்டாரு.

2023 ஜூலைல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால டேவிட் ஃப்ரேவர்னு ஒரு நேவி பைலட் சத்தியம் பண்ணிச் சொன்னத கேட்டப்ப எனக்கு மாமா ஞாபகம்தான் வந்துச்சு. 2004 நவம்பர்ல சான் டியாகோ பக்கத்து கடல்ல, றெக்கை இல்லாம வெள்ளையா மாத்திரை மாதிரி ஒண்ணு, சுமார் 40 அடி நீளம், அதுக்குக் கீழ தண்ணி மட்டும் கலங்கிட்டிருந்துச்சு, இவரு இறங்க இறங்க அது ஏறி வந்து கண்ணு முன்னாலயே காணாம போச்சு. அவரயும் கப்பல்ல கிண்டல் பண்ணிருக்காங்க!

நிலவுக்குப் போன பஸ் ஆல்ட்ரின் கூட வழியில ஒரு வெளிச்சத்தப் பாத்துட்டு நேரா சொல்லல. எங்க ராக்கெட்டோட கழண்ட பாகம் எங்க இருக்குன்னு மட்டும் கீழ கேட்டாங்க, 6,000 மைல் தள்ளின்னு பதில் வந்துச்சு. ராக்கெட்லருந்து பிரிஞ்ச தகடுல ஒண்ணாத்தான் இருக்கும்னு பின்னால அவரே சொன்னாரு, வேற்றுக்கிரகம்னு சொல்லவே இல்ல. எட்கர் மிட்செல் வேற ஆளு, அவரும் நிலவுக்குப் போனவருதான், எதையும் நேர்ல பாக்கல, ஆனா வேற்றுக்கிரகவாசிங்க வந்திருக்காங்கன்னு நம்பி வெளிப்படையாவே பேசினாரு. ரெண்டயும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது.

2021ல இப்படி என்னன்னு தெரியாம வானத்துல பாத்தது பத்தின அமெரிக்க அரசு அறிக்கைல 144 கேஸ் இருந்துச்சு, அதுல உறுதியா என்னன்னு சொல்ல முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பலூன். வேற்றுக்கிரகத்துக்கு ஆதாரமும் கிடைக்கல. சரி, இருக்கட்டும். பாத்தவன் முதல்ல பயமில்லாம சொல்லணும், அப்பதான அது பலூனா தகடான்னு தேட முடியும்? சிரிச்சு வாய மூட வச்சா எதுவும் மிஞ்சாது.

போன ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட ஃப்ரேவர் பேசின வீடியோவக் காட்டி தமிழ்ல சொன்னேன். தண்ணி கலங்கின இடத்துல நிறுத்தச் சொன்னாரு. "எனக்கதுல தண்ணி அனங்கவே இல்ல மக்ளே"ன்னாரு. உடனே நோட்டு எடுத்து நேரம், காத்து, நிலா எல்லாம் கேட்டு எழுத ஆரம்பிச்சேன், எட்டிப் பாத்துட்டு விரலால தொட்டுக் காட்டினாரு, "தெக்குன்னு எழுதாத, தென்மேக்குன்னு எழுது."